காலம் முடிந்த ஏடுகள் என்று எடைக்குப் போடாதீர்கள்

சென்னைத் தீயணைப்பு நிலையங்களின் பதிவேடுகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் பொறுப்பு வகிக்கும் உயர் அலுவலர்களுக்கு,

நகரின் பழைய நிலையம் ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியை அண்மையில் காலி செய்துவிட்டார்கள். தடித்த அட்டை போட்ட அழைப்புப் பதிவேடுகள், நிகழ்வுப் பதிவேடுகள், வண்டிகளின் ஓட்டக் குறிப்புகள், பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்காரரின் தராசில் ஏறிப் போயின. நான் கேள்விப்பட்டு அங்கே போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "காலம் முடிஞ்ச ரெஜிஸ்டர்தானே சார், இடம் வேணும்ல" என்றார் பணியில் இருந்த இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை அவை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதுமில்லை. அங்கே நடந்தது மற்ற நிலையங்களில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை உங்கள் மேசைக்கு மட்டும் அனுப்பாமல் பொதுவிலும் வைக்கிறேன்.

நான் 1986-இல் தீயணைப்போராகச் சேர்ந்தேன். முன்னணித் தீயணைப்போர் ஆனேன். நிலைய அலுவலராக ஓய்வு பெற்றேன். பணிக்காலம் முழுக்க இந்த நகரத்தின் நிலையங்களிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் கழிந்தது. என் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தை மணிச் சத்தத்துக்கு நடுவில்தான் படித்தார்கள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில், எடைக்குப் போன அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வாட்ச் ரூமில் இருப்பவர் அழைப்பு வந்த நிமிடத்தை எழுதுவார். யார் கூப்பிட்டார், எந்த இடம், என்ன எரிகிறது என்று எழுதுவார். வண்டி வாசலைத் தாண்டிய நிமிடம், சம்பவ இடத்தைச் சேர்ந்த நிமிடம், போய்ச் சேர்ந்தபோது தீ எந்த மூலையில் இருந்தது, எத்தனை ஹோஸ் விரித்தோம், தண்ணீர் எங்கே எடுத்தோம், எப்போது கட்டுக்குள் வந்தது, எரிந்த சொத்து எவ்வளவு, காப்பாற்றிய சொத்து எவ்வளவு, காரணம் என்ன, யாருக்குக் காயம் என்று வரிசையாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரவுப் பணியின்போது பழைய ஏடுகளை எடுத்துப் புரட்டுவேன். என் மூத்தவர்கள்தான் படிக்கச் சொன்னார்கள். "நீ பார்க்காத தீயை இதுல பாத்துக்கோ" என்பார் ஒருவர்.

அந்தப் பக்கங்களில் நான் பார்த்தது இந்த நகரம் மாறிய கதை. பங்குனி, சித்திரை, வைகாசி என்றால் பக்கத்துக்குப் பக்கம் குடிசைத் தீ. ஓலைக் கூரை, மண்ணெண்ணெய் விளக்கு, அடுப்பிலிருந்து பறந்த பொறி. தீபாவளி வந்தால் ராக்கெட் விழுந்த கூரைகள். தண்ணீர் எடுத்த இடம் என்ற இடத்தில் குளமும் கிணறும் வரும். அதற்கடுத்த காலத்து ஏடுகளில் அந்தக் குளங்களின் பெயர் வராது. குடிநீர் வாரியத்தின் நீரேற்றும் இடம் வரும், அல்லது பக்கத்து அடுக்குமாடியின் தொட்டி வரும். ஒரு குளம் எப்போது தூர்ந்தது என்பதை வருவாய்த்துறைக் கணக்கில் தேடுவதைவிட எங்கள் ஏட்டில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் தேடி ஓடியவர்கள் எழுதிய கணக்கு அது. கிணற்றில் விழுந்த மாடு, வைக்கோல் ஏற்றிய லாரி, மின்கம்பத்தில் மாட்டிய ஆள் என எல்லாமே இருக்கும். பின்னால் வந்த ஏடுகளில் மின்கசிவு என்ற ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வரும். குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர், கடைகளின் கண்ணாடி முகப்பு என்று சொற்கள் மாறும். ஒரு பேராசிரியர் பல வருடம் அலைந்து திரட்ட வேண்டிய செய்தியை, பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் ஆட்கள் மைப்பேனாவால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தப் படை 1908-இல் தொடங்கியது. அன்று சென்னை நகரத்துக்கு மட்டுமான படை. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், 1886 டிசம்பர் 31 அன்று, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நகரத்தின் மிகப் பெரிய தீச்சாவு அது. இன்று அந்தப் பக்கம் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? என் கூடப் பணி செய்தவர்களில் பெரும்பாலோருக்கே தெரியாது. அந்தப் பூங்கா நிலத்தில்தான் பின்னால் மூர் மார்க்கெட் எழுந்தது. அதுவும் 1985 மே 30 அன்று எரிந்தது. நூறு ஆண்டுக்குள் ஒரே வட்டாரத்தில் இரண்டு பெருந்தீ.

மூர் மார்க்கெட் தீயை அணைக்கப் போனவர்களோடு நான் பணியாற்றியிருக்கிறேன். அந்தச் சந்தையில் பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், துணி, மரச்சாமான், கூண்டுப் பறவைகள் என்று எரியக்கூடிய எல்லாமும் அடுத்தடுத்து இருந்தன. தீ எப்படிப் பற்றியது என்று இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பற்றியதா, பற்றவைத்ததா என்று நாற்பது ஆண்டாகத் தேநீர்க் கடைகளில் பேச்சு நடக்கிறது. முதல் அழைப்பு எப்போது வந்தது, முதல் வண்டி சேர்ந்தபோது தீ எத்தனை இடத்தில் எரிந்துகொண்டிருந்தது என்ற இரண்டு வரி போதும், அந்தப் பேச்சில் பாதியை ஆதாரத்தோடு பேசலாம். அந்த இரண்டு வரிகளை எழுதும் கடமை எங்கள் பதிவேட்டுக்குத்தான் உண்டு. எரிந்த சந்தையின் சிறு மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். புறநகர் ரயில் முனையத்துக்கு இன்னும் மூர் மார்க்கெட் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்கு இவ்வளவாவது கிடைத்தது. அதற்குள் ஹோஸோடு நுழைந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு பொதுப் பக்கம் வேண்டும்.

இன்னும் பின்னால் போகிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலில் நின்று சுமார் 130 குண்டுகளைச் சென்னை மீது சுட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. அப்போது இந்த நகரத்தின் தீயணைப்புப் படைக்கு வயது ஆறு. எண்ணெய்த் தொட்டித் தீ என்பது இன்றைக்கு நுரைக் கலவையும் பெரிய பம்பும் வைத்திருக்கும் எங்களுக்கே பெரும்பாடு. ஆறு வயதுப் படை அந்த இரவில் எதை வைத்துக்கொண்டு என்ன செய்தது? எம்டனைப் பற்றி எழுதியவர்கள் கப்பலைப் பற்றியும் தளபதியைப் பற்றியும் ஊரை விட்டு ஓடியவர்களைப் பற்றியும் எழுதினார்கள். ஊருக்குள் நின்றவர்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் நகரமே காலியானது. அந்தக் காலத்தில்தான் தீயணைப்புப் பணி சென்னைக்கு வெளியிலும் விரிந்தது. இன்று மாநிலம் முழுக்க இருக்கும் அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது. இதற்கு மேல் நான் விரித்து எழுதவில்லை. எழுத வேண்டிய தாள்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன, இன்னும் இருந்தால்.

குடிசைத் தீயைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் படையின் வரலாற்றில் பெரும்பகுதி அதுதான், ஆனால் யார் எழுதினாலும் அதை விட்டுவிடுகிறார்கள். பெரிய கட்டடம் எரிந்தால் படம் வரும். கூவம் கரையில் நூறு குடிசை எரிந்தால் மறுநாள் ஒரு பெட்டிச் செய்தி வரும். 1967-க்குப் பிறகு சென்னைக் குடிசைவாசிகளுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தரும் திட்டம் வந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. அந்த வீடுகளைக் கட்டத் தூண்டியது ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப எரிந்த கூரைகள். எந்தச் சேரி, எந்த மாதம், எத்தனை கூரை என்ற கணக்கு நிலையப் பதிவேட்டில் இருந்தது. ஏழைகளின் வீடு எரிந்ததற்கு வேறு எங்கும் அவ்வளவு கவனமான சாட்சி கிடையாது. அவர்களிடம் பட்டா இல்லை, காப்பீடு இல்லை, எரிந்த ரேஷன் அட்டைக்கு நகல் வாங்குவதற்கே நாங்கள் கொடுக்கும் சான்றிதழ்தான் ஆதாரம். அந்த ஏட்டை எடைக்குப் போடுவது என்றால் அந்தக் குடும்பங்களுக்கு நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவது.

1975-இல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. 1959-இல் திறந்தபோது அதுதான் நாட்டின் மிக உயரமான கட்டடம். பதினான்கு மாடிக் கட்டடத்தில் புகை எந்த வழியாக ஏறும், ஆள் எந்த வழியாக இறங்குவார், ஏணி எது வரை எட்டும் என்ற கேள்விகளைச் சென்னை முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது அங்கேதான். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் அந்தத் தீயைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சொல்லித்தான் எனக்குப் பின்னால் வந்த பையன்களுக்குத் தெரியும். 2008-இல் தியாகராய நகரில் ஒரு பல மாடிக் கடை எரிந்து தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று அதே தியாகராய நகரில் உஸ்மான் சாலைத் துணிக்கடை எரிந்தபோது, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துக் கட்டிய முகப்பு, உள்ளே மலைபோல் துணி, புகை வெளியேற இடமில்லை, சுவரைத் துளைத்துத் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்து கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1975-இல் கற்றது 2008-க்கும், 2008-இல் கற்றது 2017-க்கும் எழுத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதே என் கேள்வி. நான் பணியாற்றிய இடங்களில் அப்படி ஒரு தாளை என் கையில் யாரும் கொடுத்ததில்லை. வாய்ச்சொல்லாகக் கிடைத்தது நிறைய. ஆனால் அது சொல்பவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடுகிறது.

இந்த மடலை எழுத வைத்த முதன்மையான காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை. சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலச மஹால் எரிந்தது. ஆற்காடு நவாபின் பழைய அரண்மனை அது. உள்ளே நுழைந்து போராடியவர்கள்மேல் கூரை விழுந்தது. தீயணைப்போர் அன்பழகன் இறந்தார். முன்னால் நின்று நடத்திய அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயத்தோடு உயிர் பிழைத்தார். 2020 நவம்பர், தீபாவளி இரவு. மதுரை விளக்குத்தூண் அருகே பழைய கட்டடத்தில் துணிக்கடை எரிந்தது. அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து தீயணைப்போர் சிவராஜனும் கிருஷ்ணமூர்த்தியும் இறந்தார்கள்.

எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பழைய கட்டடங்கள், இரண்டு இடத்திலும் மேலிருந்து விழுந்தது கட்டடம். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிடித்திருப்பார்கள். கீழே உத்தரம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே போகும். மேலே செங்கல்லும் காரையும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கூரை நன்றாகத்தான் இருக்கும். நாம் அடிக்கும் தண்ணீரைச் சுண்ணாம்பும் துணி மூட்டையும் குடித்துப் பாரம் கூடும். பிறகு எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். கான்கிரீட் கட்டடத்தில் விரிசல் சத்தம் கேட்டு ஓட நேரம் கிடைக்கலாம். இதில் கிடைக்காது. வடசென்னையிலும் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும், மதுரை மாசி வீதிகளைச் சுற்றியும், இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் இன்றும் கடைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. அன்பழகனின் மரணத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்குப் புரியும் தமிழில் ஒரு சிறு ஏடு எழுதி எல்லா நிலையத்துக்கும் அனுப்பியிருந்தால் மதுரையில் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போகுமுன் ஒருவராவது அண்ணாந்து பார்த்திருக்கலாம். எனக்கு அந்த "இருக்கலாம்" போதும். உங்களுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.

2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயில் எரிவாயு சிலிண்டர் வெடித்துத் தீயணைப்போர் ஏகராஜ் இறந்தார். வேடிக்கை பார்க்க நின்ற மக்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். பூட்டிய கடை, இறக்கிய ஷட்டர், உள்ளே சிலிண்டர், வெளியே கூட்டம். இதுவும் எழுதிப் படிக்க வைக்க வேண்டிய சம்பவம். கூட்டத்தை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்த வேண்டும் என்பதைப் போலீஸாரும் கடைக்காரர்களும்கூடப் படிக்க வேண்டும்.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் எரிந்து போனார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது, சாட்சிகள் பேசினார்கள், வழக்கு நடந்தது. சமையலறையில் பற்றிய தீ ஓலைக் கூரை வழியாக வகுப்பறைக்கு எப்படிப் போனது என்று ஊரறிய வெளிவந்தது. பள்ளிகளில் ஓலைக் கூரைகள் இறங்கின. தீயணைப்புச் சான்று இல்லாமல் பள்ளி நடத்த முடியாது என்று பெற்றோருக்கே தெரியவந்தது. விவரம் பொதுவில் இருந்ததால்தான் அந்தப் பாடம் கிராமத்துத் தலைமையாசிரியர் வரை போனது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீத்தொண்டு நாள் நடத்துகிறோம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. நானும் பல ஆண்டு மலர்வளையம் வைத்துத் தலை வணங்கியிருக்கிறேன், முழு மனதோடு. பள்ளிகளுக்குப் போய்ச் செய்முறை விளக்கம் செய்திருக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நம்ம ஊர்ல யார் சார் இறந்தாங்க?" அந்தக் கேள்விக்கு எடுத்துக் காட்ட ஒரு புத்தகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன். எனக்கு நினைவிருக்கும் பெயர்களைச் சொல்வேன். நான் சேர்வதற்கு முந்தைய பெயர்கள் எனக்கே முழுசாகத் தெரியாது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. காவல்துறை எழும்பூரில் தன் பழைய ஆணையர் அலுவலகத்தைச் சீர்செய்து 2021-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எங்கள் தலைமையகமும் எழும்பூர்தான். 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று கட்டிய தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அதே எழும்பூர்தான். எங்கள் படை பிறந்த மறு ஆண்டு பிறந்த கட்டடம் அது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தாளையே பூச்சி அரிக்காமல் வைத்திருக்கும் இடம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, எங்கள் ஏடுகள் எதற்குப் பேப்பர் கடைக்குப் போக வேண்டும்?

விதிப்படி குறிப்பிட்ட காலம் கடந்த பதிவேடுகளை அழிக்கலாம் என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும், அந்த விதியின்கீழ் நானே பட்டியல் தயாரித்திருக்கிறேன். டீசல் பில்லையும் வருகைப் பதிவேட்டையும் அழியுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. தீ அழைப்பும் மீட்பு அழைப்பும் பதிந்த ஏடு அந்த வகை இல்லை. அழிக்கலாம் என்பது விதி கொடுக்கும் அனுமதி. அழித்தே ஆக வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இடம் இல்லை என்ற பதிலும் சரியில்லை. ஒரு நிலையத்தின் ஐம்பது ஆண்டு ஏடுகள் ஒரு பீரோவில் அடங்கிவிடும். இப்போதைய அழைப்புகள் கணினியில் இருக்கின்றன என்பது உண்மை. கணினிக்கு முந்தைய எண்பது தொண்ணூறு ஆண்டு அதில் இல்லை என்பதும் உண்மை.

தாளைவிட அவசரமானது ஆட்கள். மூர் மார்க்கெட்டுக்குப் போனவர்களில் இளையவர்களே இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எல்.ஐ.சி. தீயைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். பலருக்குப் புகை குடித்த நுரையீரல். ஓய்வூதியர் கூட்டத்துக்கு வருகிற முகங்கள் ஒவ்வொரு ஆண்டும் குறைகின்றன. அவர்களுக்கு மேடையும் பொன்னாடையும் வேண்டாம். ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஓர் இளம் அலுவலர் போதும். குடியிருப்பில் வாழ்ந்த மனைவிமார்களையும் கேளுங்கள். மணி அடித்து வண்டி போன பிறகு விடியும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். எந்தத் தீக்கு யார் போனார், யார் எப்படித் திரும்பினார் என்று தேதியோடு சொல்வார்கள். சுனாமியில் பிணம் எடுத்த கை வாரக்கணக்கில் சோற்றைத் தொடாமல் இருந்ததும் 2015 வெள்ளத்தில் சொந்த வீடு மூழ்கிக்கிடக்க அடுத்த தெருவில் படகு ஓட்டியதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஆகவே நான் கேட்பவை இவை. இந்த மடலைப் படித்த வாரத்திலேயே, நகரின் எந்த நிலையத்திலும் 2000-க்கு முந்தைய அழைப்புப் பதிவேடு, நிகழ்வுப் பதிவேடு, விபத்து அறிக்கை, புகைப்படம் எதையும் அழிக்கவோ விற்கவோ கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதன் பின் ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் தரட்டும். பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஏடுகளை ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்து நகலெடுத்து, ஆய்வாளர்களும் அந்தந்தத் தெருவின் மக்களும் படிக்க வழி செய்யுங்கள். காயம்பட்டவர்களின் மருத்துவ விவரம் போன்ற தனிச்செய்திகளை மறைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

பணியில் உயிரிழந்த ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன எரிந்தது, எந்த மாதிரிக் கட்டடம், எங்கே நின்றார், எது விழுந்தது அல்லது வெடித்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று எளிய தமிழில் அறிக்கை எழுதுங்கள். கலச மஹாலிலும் மதுரையிலும் தொடங்குங்கள். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உடன் இருந்தவர்கள் உண்மையைப் பேசுவார்கள். தாம்பரம் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் இந்த அறிக்கைகளைப் படித்துத் தேர்வு எழுதாமல் வெளியே வரக் கூடாது. பழைய கட்டடங்கள் நிறைந்த பகுதிகளின் நிலையங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றை வைத்தே பயிற்சி நடக்கட்டும்.

கலச மஹாலைப் பழுதுபார்த்து அழகாக நிமிர்த்திவிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. மகிழ்ச்சி. அந்த வாசலில் அன்பழகன் பெயர் தாங்கிய ஒரு கல் வைக்கப் பொதுப்பணித் துறையோடு பேசி அனுமதி வாங்குங்கள். கொடுங்கையூரிலும் விளக்குத்தூணிலும் அதேபோல் வையுங்கள். 1886 தீயில் இறந்தவர்களுக்குச் சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பலகையாவது வேண்டும்.

பழைய நிலையங்களில் ஒன்றை, இடித்துப் புதிதாகக் கட்டும் பட்டியலில் சேர்க்காமல், அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். கையால் அடித்த பித்தளை மணி, பழைய பம்பு, கழித்துப் போட்ட ஏணி வண்டி என்று கிடங்குகளில் கிடப்பவற்றை ஏலத்துக்கு அனுப்புமுன் எங்களைப் போன்றவர்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். எது எந்தத் தீக்குப் போனது என்று அடையாளம் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களின் வாய்மொழிப் பதிவை வரும் ஏப்ரல் 14-க்கு முன் தொடங்குங்கள், வயதில் மூத்தவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். இந்த வேலைகளுக்கு ஊதியம் இல்லாமல் நாள் முழுக்க உட்கார நானும், என்னோடு ஓய்வு பெற்ற பலரும் தயார். பதிவேடுகளை அழிப்பதை நிறுத்தும் சுற்றறிக்கையின் நகலை நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையமாகப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

ஓய்வு பெற்ற நிலைய அலுவலர்,
சென்னை